காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை: கும்பகோணத்தில் ஒரு வருடம், 45 பயணங்கள், ஒரு சிட்டை

2024 ஜூன் முதல் வாரத்தில் வேளச்சேரி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கும்பகோணம் வந்தேன். சாரங்கபாணி கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு பழைய மெத்தை வீடு. மாடியில் ஓர் அறை, சமையற்கட்டு, துணி காயப்போட மொட்டை மாடி. வாடகை 7,500. லண்டனில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் சோதனை செய்வது என் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். வயது 36. நாற்பத்தைந்துக்குள் சம்பளத்துக்காக வேலை பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட வேண்டும் என்பது என் கணக்கு. நிதிச் சுதந்திரம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

ஊர் மாறுவதில் எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. பணத்தைச் சேர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பத்து வருடம் அறைக்குள் அடைந்து கிடந்துவிடுவேனோ என்பதுதான் அது. ஊர் சுற்றுவது எனக்கு உயிர். அதை விட்டுவிட்டுச் சேர்க்கிற பணம் எனக்கு வேண்டாம். அதனால் வந்த நாளிலிருந்து 2025 மே கடைசி வரை ஒவ்வொரு பயணத்தையும் எழுதி வைத்தேன். எதில் காசு மிஞ்சியது, எதில் வீணானது, வேலை எங்கே இடித்தது என்று இப்போது புரட்டிப் பார்த்ததில் நான் நினைத்திராத சில விஷயங்கள் தெரிந்தன.

எழுதி வைத்தது ஒரு சிட்டையில், அதாவது கடைக்காரர்கள் அன்றாடக் கணக்கு எழுதும் நோட்டில். வீட்டுக்கார அம்மாவின் கணவர் பாத்திரக் கடை வைத்திருந்தவர். அவர் காலத்துச் சிட்டை ஒன்று எழுதாமல் மிச்சம் இருந்தது. நீளவாக்கில் விரியும், சிவப்புத் துணி அட்டை. "போன்ல எழுதுற கணக்கு கண்ணுல படாது பாப்பா, இதுல எழுது" என்று அந்த அம்மா கொடுத்தார்.

கணக்கு

கையில் வரும் சம்பளம் 92,000. சென்னையில் மாதச் செலவு 58,000, மிச்சம் 34,000. கும்பகோணத்தில் செலவு சராசரி 36,500, மிச்சம் 55,500. சம்பளத்தில் 37 விழுக்காடு சேர்த்துக்கொண்டிருந்தவள் 60 விழுக்காடு சேர்க்க ஆரம்பித்தேன்.

சேர்க்கிற தொகையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது இன்னொன்று. எவ்வளவு சேர்த்தால் போதும் என்ற இலக்கே இறங்கிவிட்டது. 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் ஒரு கணக்குப் போட்டார். ஓய்வு பெறும்போது இருக்கும் தொகையில் முதல் வருடம் 4 விழுக்காடு எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனால் 30 வருடம் தாங்கும் என்றார். ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு என்று பலரும் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். ஆனால் அது அமெரிக்கச் சந்தை, அமெரிக்க விலைவாசி, 30 வருடம். எனக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட வருடம் தாங்க வேண்டும், நம் ஊர் விலைவாசியும் வேறு. அதனால் 30 மடங்கு என்று வைத்துக்கொண்டேன். சென்னைச் செலவுக்கு அது 2 கோடியே 8 லட்சத்து 80 ஆயிரம். கும்பகோணச் செலவுக்கு 1 கோடியே 31 லட்சத்து 40 ஆயிரம்.

இந்த முப்பது மடங்கை ஒவ்வொரு செலவுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். வாடகையில் மிஞ்சியது மாதம் 9,500. வருடத்துக்கு 1,14,000. முப்பது மடங்கு 34 லட்சத்து 20 ஆயிரம். சென்னையில் இருந்த கடைசி வருடம் கூர்க் ஒரு தடவை, கோவா ஒரு தடவை போனேன். இரண்டுக்கும் சேர்த்து 69,000. அதே போல ஒவ்வொரு வருடமும் போவதென்றால் 20 லட்சத்து 70 ஆயிரம் தனியாக வேண்டும். இங்கே வந்த பிறகு போன 45 பயணங்களுக்கும் சேர்த்து ஆன செலவு 16,150. முப்பது மடங்கு போட்டாலும் ஐந்து லட்சத்தைத் தொடவில்லை.

ஊர் சுற்றுவதை நிறுத்தினால்தான் சேமிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த எண்களைக் காட்டவே இதை எழுத உட்கார்ந்தேன். பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறிப் போவதை வெட்டிப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. வாடகையும், வருடத்துக்கு இரண்டு தடவை விமானம் ஏறுவதும், தினம் ராத்திரி வாசலுக்கு வரும் சாப்பாட்டுப் பொட்டலமும்தான் பெரிய தொகை.

கோயில் நேரமும் லண்டன் நேரமும்

டெல்டாவில் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி கோயில். கோயில்கள் பெரும்பாலும் காலையில் ஆறு மணி வாக்கில் திறந்து பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடும். மறுபடி திறக்க நாலு மணியாகும். வழக்கமான ஒன்பது மணி வேலையில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாய்க்கும். அன்றைக்குத்தான் கூட்டமும்.

லண்டனில் காலை ஒன்பது என்றால் நமக்குக் கோடையில் மதியம் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதால் வரும் வித்தியாசம் அது. ஆக, கோயில் திறந்திருக்கும் காலை நேரம் முழுக்க எனக்குச் சொந்தம். வேலை தொடங்கும்போது நடை சாத்தியிருக்கும். இதை யோசித்து நான் ஊர் மாறவில்லை. வந்து மூன்றாவது வாரம் தாராசுரத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. அமெரிக்க நேரத்துக்கு ராத்திரி முழுக்க விழித்து வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு ஒத்து வராது. காலை ஆறு மணிக்கு அவர்களுக்குத் தூக்கம்தான் வேண்டும்.

டவுன் பஸ்

45 பயணங்களில் 31 டவுன் பஸ்ஸில். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தாராசுரம், சுவாமிமலை, திருபுவனம், நாச்சியார்கோயில், பட்டீஸ்வரம், திருநாகேஸ்வரம் எல்லாம் கும்பகோணத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள், ஒன்றிரண்டு அதற்குச் சற்றுக் கூட. இந்த 31 பயணங்களின் மொத்தச் செலவு 2,790. ஒன்றுக்கு 90 ரூபாய். அதில் காபி, இட்லியும் கடப்பாவும், பூ, சில நாள் ஒரு இளநீர். ஆண்களுக்கு இதோடு டிக்கெட் காசு கொஞ்சம் சேரும், அவ்வளவுதான்.

தாராசுரத்துக்கு மட்டும் ஏழு தடவை போனேன். முதல் தடவை எல்லோரும் பார்ப்பதையே பார்த்தேன்: குதிரை இழுக்கும் தேர் போல அமைந்த மண்டபம், கம்பி வேலிக்குள் இருக்கும் ஓசை தரும் படிகள், ஒரே தலையை யானையும் காளையும் பகிர்ந்துகொள்ளும் சிற்பம். அரை மணியில் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை காலை ஏழுக்குப் போய், கருவறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றி உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தேன். அங்கே நாயன்மார் கதைகள் சின்னச் சின்னப் பலகைகளாக வரிசையாக ஓடுகின்றன. நின்றுகொண்டு பார்த்தால் கண்ணுக்கே படாது, அவ்வளவு கீழே. ஒன்றில் முதலை வாயைத் திறந்திருக்கிறது, உள்ளேயிருந்து பிள்ளை வெளியே வருகிறது. சுந்தரர் அவிநாசியில் பாடி மீட்ட பிள்ளை. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். இந்தக் கோயிலைக் கட்டியது குலோத்துங்கனின் மகன் இரண்டாம் இராசராசன். அப்பா காலத்தில் பாட்டாக வந்தது பிள்ளை காலத்தில் கல்லில் ஏறிவிட்டது. ஏழு தடவை போயும் நான் இன்னும் எல்லாப் பலகையையும் அடையாளம் கண்டு முடிக்கவில்லை. ஏழு தடவைக்கும் சேர்த்து ஆன செலவு 540 ரூபாய்.

சுவாமிமலையில் கோயிலுக்கு 60 படிகள், தமிழ் வருடம் அறுபதுக்கும் ஒவ்வொன்று. ஆனால் என்னை அங்கே திரும்பத் திரும்ப இழுத்தது ஸ்தபதிகளின் பட்டறைகள். வாசலில் நின்று கேட்டால் பலரும் உள்ளே விடுகிறார்கள். ஒரு பெரியவர் தென்னை ஓலையை நீளமாக நறுக்கி, மடித்து மடித்துத் தழும்பு வைத்து, அதையே அளவுகோலாக மெழுகு உருவத்தின் முகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி இவ்வளவு, மூக்கு இவ்வளவு, மோவாய் வரை இவ்வளவு என்று ஓலை மடிப்புதான் சொல்கிறது. மெழுகின் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். "ஏன் தாத்தா இந்த மண்ணுதான் வேணுமா?" என்று கேட்டேன். "இது மாவு மாதிரி இருக்கும்மா. இமை முடியக்கூட வாங்கிக்கும்" என்றார். எதையும் வாங்கச் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

தஞ்சாவூர் நாலு தடவை, திருச்சி இரண்டு, திருவாரூர், மயிலாடுதுறை, திருவையாறு ஒவ்வொரு தடவை. இந்த ஒன்பதும் ரயிலிலோ வெளியூர் பஸ்ஸிலோ போனவை. மொத்தம் 3,060. தஞ்சாவூருக்குப் பயணிகள் ரயில் கட்டணம் ஒரு டிகிரி காபி விலையைவிடக் குறைவு. காசு எல்லாம் மதியச் சாப்பாட்டிலும் உள்ளூர் ஆட்டோவிலும்தான் போனது. பெரிய கோயில் ஒரு நாள், அரண்மனையும் செப்புத் திருமேனிகளும் ஒரு நாள், சரசுவதி மகால் அருங்காட்சியகம் ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டேன். காலை ஏழரைக்குப் பெரிய கோயிலின் மேற்குப் பக்கம் விமானத்தின் நிழல் நீண்டு கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன். நிழல் தரையில் விழாது என்ற பேச்சைச் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். 1010இல் முடிந்த கட்டடத்துக்கு அந்தக் கதை தேவையே இல்லை. அதன் உயரமும் கல்லும் போதும்.

திருவையாற்றுக்கு 2025 ஜனவரி 18, தியாகராஜர் ஆராதனை அன்று. சனிக்கிழமையாக வாய்த்தது. காவிரிக் கரையில் தரையில் உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கேட்க ஒரு காசு இல்லை. திரும்பும்போது அசோகா அல்வா கால் கிலோ வாங்கிக்கொண்டேன். சிட்டையில் அது மட்டும் தனி வரியாக இருக்கிறது.

காசு போன மூன்று காலைகள்

இந்த ஆய்வில் எனக்கே அதிர்ச்சி தந்த இடம் இது. மூன்று பயணங்களுக்கு மட்டும் 4,700 ஆகியிருக்கிறது. 45இல் வெறும் மூன்று, செலவில் 29 விழுக்காடு. 31 டவுன் பஸ் பயணங்களையும் சேர்த்தாலும் இந்த மூன்றைத் தொடாது.

முதலாவது ஆகஸ்டில். சூரியனார்கோயில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம் மூன்றையும் ஒரே காலையில் பார்த்துவிட ஆட்டோ பேசினேன், 1,150. மூன்றிலும் என்ன பார்த்தேன் என்று இன்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டாவது கங்கைகொண்ட சோழபுரம். அணைக்கரை வழியாகப் போகும்போது பஸ்ஸில்தான் போனேன். அங்கே கிளம்ப மனசு வராமல் நின்றுவிட்டு, பதினொன்றரைக்குப் பதறி வாடகைக் கார் பிடித்துத் திரும்பியதில் 1,450.

மூன்றாவதுதான் மோசம். செப்டம்பர், ஒரு புதன்கிழமை, தரங்கம்பாடி. காலை ஐந்துக்குக் கிளம்பி, மயிலாடுதுறையில் பஸ் மாறி, எட்டரைக்குக் கடற்கரையில் நின்றேன். 1620இல் டேனியர்கள் கட்டிய கோட்டை, 1706இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர், அலை தொடும் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். கோட்டை திறப்பதற்காகக் காத்திருந்து, அவசரமாகச் சுற்றிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தால் அப்போதுதான் ஒரு பஸ் போயிருந்தது. அடுத்தது வரும் வரை பொறுமை இல்லை. கார் வைத்தேன். வழியில் பாலம் வேலை, ஒரு பக்கமாக வண்டிகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று மதியம் ஒரு முக்கியமான கூட்டம். காரிலிருந்தே போனில் இணையலாம் என்று பார்த்தால் குரல் வெட்டி வெட்டிப் போனது. இருபத்தைந்து நிமிடம் தாமதமாக உள்ளே போனேன். நான் சொல்ல வேண்டிய சோதனை முடிவுகளை வேறொருவர் தெரிந்த வரை சொல்லி முடித்திருந்தார். கார் 2,100. மேலாளர் கோபப்படவில்லை, "இனிமேல் முன்கூட்டியே சொல்லுங்கள்" என்றார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்ற அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் இந்த மொத்தக் கணக்கும் நிற்கிறது.

சிட்டையில் மூன்று வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மூன்றுக்கும் காரணம் ஒன்றாகவே இருந்தது. தூரம் காரணமில்லை, ஊரும் காரணமில்லை. நேரத்துக்குள் அடங்காததை அடக்கப் பார்த்தேன், அந்த அவசரத்துக்குத்தான் காசு கொடுத்தேன். அதற்கப்புறம் வேலை நாளில் ஒரு காலைக்கு ஓர் ஊர், அதுவும் டவுன் பஸ் போகும் தூரம், பதினொன்றுக்கு எங்கிருந்தாலும் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். தஞ்சாவூர் மட்டும் விதிவிலக்கு, ரயில் நேரம் நிச்சயம் என்பதால். மற்றதெல்லாம் சனி, ஞாயிறுக்குப் போனது.

மின்சாரமும் மழையும்

வேலைக்கு வேண்டியது கணினியும் இணையமும் என்று எல்லோருக்கும் தெரியும். நம் ஊர்களில் மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்துவார்கள், முதல் நாள் செய்தித்தாளில் வந்துவிடும். வந்த புதிதில் இதைக் கவனிக்காமல் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். அப்புறம் இன்வெர்ட்டர் வாங்கினேன், 14,000. இரண்டாவது இணைய இணைப்பு ஒன்று. இந்த இரண்டையும் பயணச் செலவில் எழுதவில்லை, ஆனால் ஊர் மாறுகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஒதுக்கி வைக்க வேண்டிய தொகை.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பயணங்கள் பாதியாகக் குறைந்தன. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்கு முன்னால் டெல்டாவில் விடாமல் மழை. சம்பா வயல்கள் தண்ணீரில் நின்ற வாரத்தில் ஊர் பார்க்கப் போகிறேன் என்று கிளம்ப எனக்கு மனசு இல்லை. இங்கே மழையும் ஆற்றுத் தண்ணீரும் வேடிக்கைப் பொருள் கிடையாது. நான் வந்தபோது காவிரி வெறும் மணலாகக் கிடந்தது, பையன்கள் ஆற்றுக்குள் கிரிக்கெட் ஆடினார்கள். அந்த வருடம் மேட்டூர் அணையில் போதிய தண்ணீர் இல்லாமல் வழக்கமான ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறக்க முடியவில்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். தெருவில் எல்லோரும் தினம் மேட்டூர் நீர்மட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதன் அர்த்தம் புரிய ஒரு வருடம் ஆனது.

நல்ல மாதங்கள் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரைதான். மழை விட்டிருக்கும், கல் சுடாது, வேலையும் இரண்டரைக்குத்தான் தொடங்கும். சித்திரையில் பத்து மணிக்கு மேல் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடப்பது கஷ்டம்.

தங்கிப் போனவை இரண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை ஒரு வார இறுதி, 3,200. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய ஊர் வேதாரண்யம், உப்பளங்கள் இன்றும் இருக்கின்றன. பிப்ரவரியில் மறுபடி தரங்கம்பாடி, 2,400. இந்தத் தடவை கோட்டை மதில்மேல் மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

சிட்டையில் எழுதாதது

கோயில் அன்னதானத்தில் நாலைந்து தடவை சாப்பிட்டிருக்கிறேன். அதை 0 ரூபாய் சாப்பாடு என்று எழுத எனக்குச் சம்மதமில்லை, உண்டியலில் போட்டதைத் தனியாக எழுதினேன். சம்பளம் வாங்குகிறவர்கள் அதைச் சிக்கன வழி என்று சொல்லித் தருவது தப்பு.

தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைக்க ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை லாட்ஜில் இருந்த செலவும், போன வீடுகளில் எல்லாம் கல்யாணப் பேச்சுக்குப் பதில் சொன்னதும் எந்தப் பட்டியலிலும் வராது. இந்த வீட்டு அம்மாவும் முதல் மாதம் கேட்டார், "ராத்திரி பத்து மணி வரைக்கும் யார்கிட்ட பாப்பா இங்கிலீஷ்ல பேசிட்டே இருக்க?" கணினியைத் திறந்து காட்டினேன். கூட்டத்தில் இருந்தவர்கள் கையசைத்தார்கள். அவரும் கையசைத்தார். அன்றிலிருந்து எனக்கு ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பால் வருகிறது.

சென்னைத் தோழிகளைப் பார்ப்பது குறைந்துவிட்டது. அதற்கு ஈடு இங்கே கிடைத்தது என்று சொன்னால் பொய். அம்மா அப்பாவின் வைத்தியத்துக்காக இலக்குத் தொகையோடு 15 லட்சத்தைத் தனியாகக் கூட்டியிருக்கிறேன். அதையும் சேர்த்தால் 1 கோடியே 46 லட்சத்து 40 ஆயிரம். விலைவாசி ஏற ஏற இதையும் வருடா வருடம் திருத்தியாக வேண்டும்.

மே 31 அன்று சிட்டையை மூடி வீட்டுக்கார அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்துக் கூட்டலை மறுபடி தானே கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. "2028 மாசியில மகாமகம் வருது. அப்ப இருப்பியா?" என்றார். 2016 மகாமகத்தை நான் தொலைக்காட்சியில் பார்த்தவள். மகாமகக் குளத்தைச் சுற்றியிருக்கும் பதினாறு மண்டபங்களையும் இந்த வருடம் எத்தனையோ காலை ஆளில்லாமல் சுற்றி வந்திருக்கிறேன். இருப்பேன் அம்மா என்றேன். உள்ளே போய் இன்னொரு சிட்டையைத் தேடி எடுத்து வந்தார். அதன் முதல் பக்கத்தில் பாதி வரை பாத்திரக் கடைக் கணக்கு இருந்தது. அதைக் கிழிக்காமல், அடுத்த பக்கத்திலிருந்து ஜூன் 1 என்று எழுதித் தொடங்கினேன்.